கோடு வரை

தாளில் சொன்னபடி
முதலில் ஒரு குவளை தண்ணீர். பிறகு இன்னொன்று.
வெந்நீரில் கையை ஐந்து நிமிடம் ஊறவிட்டேன்.
கையைத் தொங்கப்போட்டு நின்றேன்,
வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டவள் போல.
தாளில் ஒரு பெண்ணின் படம்.
சிரித்துக்கொண்டே குத்திக்கொள்கிறாள்.
அவள் வீட்டு ஜன்னல் இடுக்கில்
வடகடல் காற்று வருவதில்லை.

விக் நகரம், பிப்ரவரி, ஞாயிறு.
மேசையில் மூன்று நீல ஊசிகள்,
சுண்டுவிரல் அளவில் ஒரு குப்பி,
குப்பியின் இடுப்பில் ஒரு கோடு.
அதுவரை ஏற வேண்டும்.

மோதிரவிரலின் ஓரத்தில் முதல் ஊசி.
டக்.
என்னைவிட நாய்தான் பதறியது.
கடுகளவு வந்தது,
நுனியில் உட்கார்ந்து
விழலாமா வேண்டாமா என்று யோசித்தது.
பிழியாதே என்கிறது தாள்,
பிழிந்தால் அணுக்கள் உடைந்துவிடுமாம்.
உள்ளங்கையிலிருந்து நீவச் சொல்கிறது.
நீவினேன்,
வற்றிய பசுவின் மடியை நீவுவது போல.
பத்தொன்பது வருடம் கடிதம் போட்ட கை இது.
கதவுத் துவாரங்களின் ஸ்பிரிங் கடித்துக் கடித்து
விரல்நுனி செருப்புத் தோலாகிவிட்டது.

சுகாதார நிலையத்துக்குப் போயிருக்கலாம்.
அங்கே ரத்தம் எடுக்கும் இஷ்பெல்
மேக்னஸின் அத்தை மகள்.
மேக்னஸ் என்றால்,
சரி, வேண்டாம்.
அக்டோபரில் போனவன்
இன்வெர்னெஸிலிருந்து ஒரு வரி அனுப்பினான்:
‘நீயும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது.’
எதை என்று எழுதவில்லை.
எல்லாவற்றையும் பார்க்கிற பெட்டியாக வரவழைத்தேன்.
பெயர் போடாத பழுப்பு உறை.
என் பையில் நானே சுமந்து வந்து
என் கதவில் நானே போட்டுக்கொண்டேன்.
முதல் பெட்டிக்குப் பதில்: மாதிரி போதவில்லை.
இரண்டாவதற்கு: மாதிரி உறைந்துவிட்டது.
இது மூன்றாவது.

போன செவ்வாய் துறைமுகத் தெருவில்
ஒரு பித்தளை விளிம்பு கட்டைவிரலைக் கிழித்தது.
அப்போது பார்த்திருக்க வேண்டும்!
யாரோ ஒருவரின் மின்கட்டண உறைமேல்
தாராளமாக, தர்மம் செய்வது போல.
மணியடித்து மன்னிப்புக் கேட்டேன்.
சின்க்ளேர் கண்ணாடியைத் தேடிக்கொண்டே,
‘சிவப்பாக இருக்கிறதே, கடைசி எச்சரிக்கையா?’ என்றார்.

இரண்டாவது ஊசி. நடுவிரல்.
மூன்று துளி உள்ளே,
ஒன்று குப்பியின் வெளிச்சுவரில்.
அது கணக்கில் சேராது.
மாடிப்படி ஏறி இறங்கினேன், பதினான்கு முறை.
கையை வட்டமாகச் சுழற்றினேன்.
எதிர்வீட்டில் திரை விலகியது.
யாரோ
பதிலுக்குக் கையசைத்தார்கள்.

கடைசி ஊசி.
இதுவும் போனால் இஷ்பெல்தான்.
குத்துவதற்கு முன் எதற்கோ
அந்த வரியை எடுத்துப் படித்தேன்.
நல்லதாம்.
ரத்தம் கொதிக்கும் என்பதை
வெறும் பேச்சு என்றுதான் நினைத்திருந்தேன்.
ஆள்காட்டிவிரலில்
ஒன்று விழுந்தது, அதன் பின்னால் ஒன்று,
நான் எண்ணுவதை விட்டேன்.

கோட்டுக்கு மயிரிழை கீழே நின்றது.
நேராகப் பார்த்தால் குறைகிறது,
கொஞ்சம் மேலிருந்து பார்த்தால் தொடுகிறது.
மேலிருந்தே பார்த்தேன்.
மூடினேன். பத்து முறை கவிழ்த்து நிமிர்த்தினேன்.
பெயர், பிறந்த நாள், மணி.

திங்கள் காலை, வேலைக்குப் போகிற வழியில்
தெருமுனைச் சிவப்புப் பெட்டியில் போட்டேன்.
அலுவலகத்திலேயே கொடுத்திருக்கலாம்.
எல்லோருடையதும் போல
இருட்டில் விழட்டும் என்றிருந்தது.

மாலை நாலே முக்காலுக்கு
அந்தப் பெட்டியைத் திறப்பவளும் நான்தான்.
ஒரு பிறந்தநாள் அட்டை,
வரி அலுவலகத்துக்கு இரண்டு,
அடியில் அது,
தீப்பெட்டியைவிடக் கனமில்லாமல்.
இத்தனை வருடத்தில் இந்த மாதிரி எத்தனையோ,
அசைத்தாலும் சத்தம் வராத பொட்டலங்கள்.
யாருடையது என்று புரட்டிப் பார்த்ததில்லை.
இன்றும் பார்க்கவில்லை.
பிளாஸ்டர் சுற்றிய மூன்று விரல்களோடு
பையின் வாயைக் கட்டினேன்.