ஓட்டை வாய்

திங்கள் காலை நகராட்சியிலிருந்து ஒரு சுற்றறிக்கை:
உலாவியில் ஓட்டை இருக்கிறதாம்.
அடைக்கிறவரை வேறொன்றைப் பயன்படுத்தவும்.
எந்த வேறொன்று என்று எழுதவில்லை.
கையெழுத்து மட்டும் மூன்று பேர் போட்டிருக்கிறார்கள்.

கோஷிட்சே நகரம், டிராம் திரும்பும் முனை,
கிளை நூலகம், எட்டுக் கணினிகள்.
நான் கணினி படித்தவள் இல்லை.
அச்சுப்பொறி முரண்டு பிடித்தால்
விலாவில் தட்டுகிற கை என்னுடையது,
அதனால் இதுவும் என் தலையில் விடிந்தது.

மாடியிலிருந்து கணக்காளர் ரடோவன்
பென்டிரைவோடு இறங்கி வந்தார். உள்ளே மூன்று.
முதலாவது, திறந்த உடனே
எப்போதும் என்னையே வைத்துக்கொள்வாயா என்றது,
முதல் காப்பியிலேயே கல்யாணத் தேதி கேட்கிறவன் மாதிரி.
இரண்டாவது வேகமாம்.
இங்கே யாருக்கு அவசரம்?
மூன்றாவது, ஜன்னலை மூடினால்
எல்லாவற்றையும் மறந்துவிடுமாம்.
அது ஒரு குறைதான் என்றார் ரடோவன்.
பூட்டுச் சின்னத்தைத் தொட்டுக் காட்டினார்: பாருங்கள், பத்திரம்.

வழியில் எவரும் எட்டிப் பார்க்க முடியாது, சரி.
போய்ச் சேரும் வீட்டில் கதவைத் திறப்பவன் யாரென்று
பூட்டுக்கு எப்படித் தெரியும்?

சுற்றறிக்கைக்குத் தெரியாத ஓட்டை ஒன்று
எனக்குத் தெரியும்.

போன மாதம். ஐந்தாம் எண்.
வியாழன்தோறும் வருவாள் ஒரு பெண்,
பச்சைக் கோட்டைக் கழற்றவே மாட்டாள்,
இருபது நிமிடம், அதற்குள் மகளின் பள்ளி விட்டுவிடும்.
ஒருநாள் அவள் போன பின் ஓர் ஆள் வந்தான்.
மரியாதையானவன். கையுறைகளைக் கழற்றி
ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தான்.
ஏழு நாற்காலி காலியாகக் கிடக்க
ஐந்தில் போய் உட்கார்ந்தான்.
ஒரே ஓர் எழுத்து அடித்தான், ர.
மிச்சத்தைக் கணினியே எடுத்துக் கொடுத்தது:
ரோஸ்வோட்.
இந்த ஊர்ப் பேச்சில் விவாகரத்து.
அதற்குக் கீழே தங்குமிடம்,
அதற்கும் கீழே
பிரெஷோவுக்குப் போகும் காலைப் பேருந்து.

நான் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தேன்.
திரை எனக்கும் தெரிந்தது.
அவன் எழுந்து, நாற்காலியை உள்ளே தள்ளி,
எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

ஒரு வியாழன். இன்னொரு வியாழன்.
ஐந்தாம் எண்ணை யாராவது கேட்டால்
பழுது என்று சொல்லிவந்தேன்.

ஓட்டை வாய் என்று மனிதரைத்தான் திட்டியிருக்கிறேன்.
இங்கே எவனும் சுவரேறிக் குதிக்கவில்லை,
பூட்டை உடைக்கவில்லை.
கேட்டான், சொன்னது.
கேட்பதற்கு முன்பே சொன்னது,
கையுயர்த்தும் முதல் வரிசைப் பிள்ளைபோல
உதவுகிற ஆசையில்.

மூன்றாவதை ஏற்றினேன்.
பழையதிலிருந்து எல்லாம் எடுத்து வரட்டுமா என்றது,
போன பாதைகள், சேமித்த கடவுச்சொற்கள்.
வேண்டாம்.
எட்டுக் கணினி, எட்டு வேண்டாம்.

மறுநாளே சண்டைக்கு வந்தார் ஹோர்ன்யாக்,
ரயில்வேயில் சிக்னல் பார்த்தவர், இப்போது சதுரங்கம் மட்டும்.
என் கடவுச்சொல் எங்கே போயிற்று?
மறக்கிற வயசு எனக்கு, அதற்குமா?
சட்டைப் பையில் எழுதி வையுங்கள் என்றேன்.
சட்டையைத் துவைப்பது மருமகள் என்றார்.
அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நகராட்சிப் படிவத்தில் தேர்வின் காரணத்துக்கு
ஒரு வரி இடம் விட்டிருந்தார்கள்.
பாதுகாப்பு என்று எழுதினேன்.
ஏற்றுக்கொண்டார்கள்.

நேற்று விளக்கணைக்கும் முன்
ஐந்தில் உட்கார்ந்து ர அடித்துப் பார்த்தேன்.
குச்சி மினுக்கியது. வேறொன்றும் சொல்லவில்லை.
நானே முழுதாக அடித்துத் தேடினேன்:
பிரெஷோவ் பேருந்து காலை ஐந்து ஐம்பதுக்கு,
மூன்றாம் நடைமேடை,
குழந்தைக்குப் பாதிக் கட்டணம்.

பிறகு ஜன்னலை மூடினேன்.