மடக்குக் கணக்கு

விடிகாலை நாலரைக்கு
மஞ்சக்குப்பம் நாய்களுக்கு என் ஹெல்மெட் பழகிவிட்டது.
கடமைக்குக் குரைக்கின்றன.
ஒரு குட்டி மட்டும்
பெண்ணையாற்றுப் பாலம் வரை துரத்தி
ஜெயித்துவிட்டதாய்த் திரும்பிப் போகும்.

முள்ளோடையில் மூடிய சாராயக்கடை வாசல்களில்
நேற்றைய பாட்டில்களின் சில்லுகள்.
பார்த்து ஓட்ட வேண்டும்.
கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம்,
தவளக்குப்பம் தாண்டினால் புதுச்சேரி.
போகும்போது ஒன்றுமில்லை.
தென்றல் இதமென்று எழுதிய ஒருவரும்
தெற்கு நோக்கி சைக்கிள் மிதித்திருக்கமாட்டார்.

அடுத்த மாதம் கன்னியாகுமரி.
ஐந்து நாள், அறுநூறுக்குக் கொஞ்சம் குறைச்சல்.
வசூலாவது எங்கள் வார்டுக்கு ஒரு டயாலிசிஸ் மெஷின்,
பாதி மெஷினாவது.

"தூரத்தை மற.
நாலு மணி நேரம் சீட்டில் இருக்கப் பழகு"
என்று எழுதிக் கொடுத்தார் பெர்னார்.
நாலு மணி நேரம்
எனக்குத் தெரியாத அளவா?
ஒருவரை மெஷினில் போட்டு எடுக்க
ஆகும் நேரம் அது.
அங்கேயும் ஒரு சக்கரம் சுற்றும்.
உள்ளங்கை அகலம்,
ரத்தத்தைத் தள்ளும்,
எங்கும் போகாது.

நன்கொடை நோட்டில்
கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் போட்டார்கள்,
மருந்துக்கடைக்காரர் மொத்தமாய் ஐநூறு.
மூன்றாம் கட்டில் தணிகாசலம்
நோட்டைத் திருப்பித் தந்தார்.
இருபத்தாறு வருஷம் லாரி ஓட்டியவர்.
"கிலோமீட்டருக்குக் காசுன்னா அது வாடகை.
நீ குடிக்கிற தண்ணிக்குக் குடுக்கறேன்.
மடக்குக்கு எட்டணா."

அவருக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்,
ரசம், மாத்திரைத் தண்ணீர் எல்லாம் சேர்த்து.
கூடுதலாய் ஒரு டம்ளர் குடித்தாலும்
வாசலில் எடை மெஷின் போட்டுக் கொடுத்துவிடும்.
பேரிலேயே தணிவு வைத்திருக்கும் மனிதர்
ஐஸ் துண்டு ஒன்றைக் கன்னத்தில் ஒதுக்கி
அரை மணி நேரம் பேசாதிருப்பார்.

அதிலிருந்து எண்ணத் தொடங்கினேன்.
கிலோமீட்டர் எனக்கு, மடக்கு அவருக்கு.
கிருமாம்பாக்கத்தில் இளநீர் என்றால்
வழுக்கையா, வெறும் தண்ணியா என்று கேட்பார்.
இளநீர் அவருக்கு விஷம்.
நன்னாரி சர்பத்தில் எலுமிச்சை விதை வந்ததா?
பாட்டில் தண்ணீர் சுட்டதா?
சுட்டாலும் பரவால்ல, சொல்லு.
சொல்லிக்கொண்டிருப்பேன்,
மெஷின் அவரிடமிருந்து
மூன்று லிட்டரை எடுத்துக்கொண்டிருக்கும்.

நேற்று கடைசி நெடும்பயிற்சி.
மரக்காணம் போய்த் திரும்ப நூற்றுப் பதினைந்து.
இருபுறமும் உப்பளம்,
வெள்ளை பார்த்துக் கண் கூசியது.
சட்டை முதுகில் என் உப்பு
வரைபடம் மாதிரி காய்ந்திருந்தது.
குடித்தது இருநூற்றுப் பதினொன்று.
குளித்துவிட்டு நேரே இரண்டாம் ஷிஃப்டுக்கு வந்து
"தொண்ணூறு" என்றேன்.
அவர் பென்ஷன் எவ்வளவென்று எனக்குத் தெரியும்.

"மரக்காணத்து வெயில்ல
தொண்ணூறா?"
கையில் இரண்டு ஊசியோடு
கண்ணால் வாசலைக் காட்டினார்.
"ஏறி நில்லு, பாக்கலாம்."

எடை மெஷின் சரியா என்று
தினமும் முதலில் நான்தான் ஏறிப் பார்ப்பேன்.
அறுபத்திரண்டு என்பது வார்டுக்கே தெரியும்.
அறுபது அறுநூறு காட்டியது.

அவர் சிரிக்கவில்லை.
"காசு மிச்சம் பண்றியா, எனக்கு?
இப்படிப் போனா திருச்செந்தூர் தாண்டமாட்டே.
ரோட்டுல விழுந்து கிடந்தவங்கள
நான் எத்தனை பேர ஏத்திட்டுப் போயிருக்கேன்.
பாட்டில எடு.
இங்கயே குடி.
நான் எண்றேன்."

ஏழு வருஷத்தில் அந்த வார்டுக்குள்
ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை.
ஐந்து கட்டிலும் திரும்பிப் பார்த்தன.
ஒன்று, என்றார்.
ரெண்டு.
என் தொண்டை ஏறி இறங்குவதையே
பார்த்துக்கொண்டிருந்தார்.
எட்டில் ஒரு அலாரம் அடித்தது, அணைத்தேன்.
பதினாலில் அவர் தொண்டையும் அசைந்தது.
பத்தொன்பதில் பாட்டில் காலி.

"இருபதா எழுதிக்க" என்றார்.
"சில்லறை இல்ல."