ஏழாவது வளைவு

கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு ஏறும் சாலையில்
ஏழாவது வளைவில் டவர் செத்துப்போகும்.
அதுவரை செல்போனில் ஓடிய பாட்டு
பாதி வார்த்தையில் நின்று
வட்டம் சுற்றும், சுற்றும்,
செக்போஸ்ட் தாண்டி ஏலக்காய் வாசம் வரும்வரை
சுற்றிக்கொண்டே இருக்கும்.
அந்த வளைவை நம்பித்தான்
நான் கடை போட்டேன்.

காலை நாலே முக்கால்.
பத்துப் பேர் ஏறும் ஜீப்பில் இருபத்திரண்டு பேர்.
தூக்குவாளிகள் முதலில் ஏறும், பிறகு ஆட்கள்.
என் பையில் முப்பது பென்டிரைவ்,
ஒவ்வொன்றிலும் ஒன்பது பாட்டு,
நூற்றைம்பது ரூபாய்.

டிரைவர் ஒச்சு நூறு கொடுத்தான்.
"மீதி சனிக்கிழமை."
எந்தச் சனிக்கிழமை என்று
அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
மறுநாளே குறையோடு வந்தான்:
"மூணாவது பாட்டு ரொம்ப மெதுவாப் போகுது.
பொம்பளைக தூங்கித் தோள்ல சாயுதுக,
வளைவுல ஸ்டியரிங் ஒடிக்க முடியல."
அதற்கு மறுநாள்
பதினோரு ஜீப்பில் என் குரல் கேட்டது.
நான் விற்றது நாலு.
காப்பி எடுத்தியா என்றேன்.
"நாலு பேரு கேக்கணும்னுதான பாடுன?"
இதற்கு என்னிடம் பதில் இல்லை.
ஐம்பது ரூபாய் பாக்கி மட்டும் இருந்தது.

ஸ்ட்ரீமிங் கம்பெனிக்காரன் அப்படியில்லை.
மாதம் பிறந்தால் கணக்கு வந்துவிடும்,
ஒரு பைசா பிசகாது.
நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு தடவை
யாரோ எங்கேயோ என்னைக் கேட்டிருக்கிறார்கள்.
நார்வேயில் ஏழு பேர்.
நார்வேயில் எனக்கு யார்?
வந்தது இருநூற்றுப் பதினாறு ரூபாய்,
ஒன்றரைப் பென்டிரைவ் விலைக்குக் கொஞ்சம் கம்மி.
கடன் சொன்னவர் இல்லை, திட்டியவரும் இல்லை.
அரை நிமிடம் தாண்டினால்தான் கணக்கில் சேரும்,
எடுத்த எடுப்பிலேயே பல்லவியை வை என்றான்
ஸ்டுடியோ சிக்கந்தர்.
வைத்தேன்.
மாப்பிள்ளை வீட்டார் வேனிலிருந்து இறங்கும் முன்பே
தாலி கட்டி முடித்தது போலிருந்தது.

தை மாதக் கணக்கின் ஊர்ப் பட்டியலில்
புதிதாக ஒரு பெயர்: வண்டன்மேடு.
கேட்டவர் ஒருவர்.
பாட்டும் ஒன்றே, அந்த மெதுவான மூணாவது.
கேட்டது இருநூற்றுப் பதினெட்டு தடவை.
அதில் எனக்குப் பதினோரு ரூபாய்,
ஒரு டீக்கு ஒரு ரூபாய் குறையும்.

ஒச்சுவிடம் சொல்லியிருக்கக் கூடாது.
திங்கட்கிழமை ஜீப்புக்குள் தலையை விட்டுக் கத்தினான்:
"யாருத்தா அது, ராவெல்லாம் இவன் பாட்டக் கேக்குறது?"
ஒரே சிரிப்பு. யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.
"லயத்துல ஏது டவர்" என்றது ஒரு குரல்.
"தண்ணித் தொட்டி மேல ஏறுனா ரெண்டு கோடு வரும்"
என்றது இன்னொன்று,
சொல்லிவிட்டு உடனே நாக்கைக் கடித்துக்கொண்டது.

வண்டி உறுமும்போது
பின் வரிசையில் வீருசிக்கம்மா,
வாரமெல்லாம் தோட்டத்தில் தங்கிச் சனிக்கிழமை இறங்குகிறவள்,
வாளி மூடியை அழுத்திக்கொண்டே கேட்டாள்:
"ரெண்டு நிமிசம் போனதும்
பின்னால ஒருத்தர் இருமுவாரே,
அந்த மனுசனுக்கு இப்பத் தேவலையா?"

காஜா மைதீன். டோலக்.
மறுபடி எடுக்கக் காசில்லாமல்
அப்படியே விட்ட இருமல்.
சிக்கந்தர் அதை அழிக்கத்தான் சொன்னான்.
ஜீப் இரைச்சலில் ஒச்சு அதைக் கேட்டதேயில்லை.
நார்வேயை விடுங்கள்.

"திருப்பூர்ல இருக்காரு, கேட்டுச் சொல்றேன்."
பென்டிரைவ் ஒன்றை நீட்டினேன், காசு வேண்டாமென்று.
"இத எதுல சொருகிக் கேக்க?"
திருப்பித் தந்துவிட்டாள்.
ஜீப் போய்விட்டது.
கொஞ்ச நேரம் டீசல் புகையில் நின்றேன்.

இரண்டு வருடமாய் அழைக்காத எண்.
பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடிந்திருக்காது,
தெரிந்தேதான் போட்டேன்.
தையல் மிஷின் சத்தத்துக்கு நடுவில்
காஜா எடுத்தான்.
"என்னப்பா," என்றான்,
"காசு கீசு வந்துச்சா?"