கோடரி அல்ல

பகலில் பல் செய்கிறேன்.
தம்பேரே நகரத்தில் ஜன்னல் இல்லாத ஒரு பட்டறை,
முகம் தெரியாதவர்களின் கடைவாய்ப் பற்கள்,
ஆளுக்கொரு எண்.
பளீர் வெள்ளையாய் விட்டால் பொய் தெரிந்துவிடும்.
விளிம்பில் கொஞ்சம் மஞ்சள்,
இருபது வருடக் காப்பியின் சாயல் ஒன்று
தூரிகை நுனியால் வைப்பேன்.

மாலையில் அதே தூரிகை. வேறு பொய்.

சமையல் மேசையில் தட்டு வைக்க
இடம் தேடுகிறாள் என் தங்கை அவுனெ.
உப்பு ஜாடிக்கும் ரொட்டிக்கும் நடுவே
இன்னும் கண் வைக்காத பதினோரு கடல்நாய்க் குட்டிகள்
மல்லாந்து கிடக்கின்றன.
"ஒன்று கண்ணை வை, இல்லை மூடி வை.
இதுகள் பார்க்காமல் பார்ப்பதைச் சகிக்க முடியவில்லை."
வாடகையில் பாதி அவளுடையது.
ஹேர் டிரையரும் அவளுடையதுதான்,
ஆனால் அது தலை உலர்த்தி ஒரு வருடமாகிறது.

கடல்நாய் ஒன்றுக்கு நாலரை மணி நேரம்.
சதுப்புப் பெர்ரிக் கம்மல் ஜோடிக்கு ஒன்றேகால்.
மணிக்கு என்ன கூலி என்று
ஒருமுறை தாளில் போட்டுப் பார்த்தேன்.
தாளைச் சுருட்டி ஒரு கடல்நாயின் வயிற்றில் அடைத்துத்
தைத்துவிட்டேன்.
அது விற்றுப்போயிற்று.
யார் வீட்டுத் தலையணையிலோ
என் நஷ்டம் தூங்குகிறது.

கோடரி விற்பனைக்கு இல்லை.
உடற்பயிற்சிக் கூடம் தூக்கிப்போட்ட நுரை விரிப்பு அது.
வெட்டி, ஒட்டி, சூடு காட்டி,
ஏழு பூச்சு.
துருவுக்குக் காப்பிச் சக்கையும் இலவங்கப்பட்டைத் தூளும்
பசையில் குழைத்தது.
விளிம்பில் ஒவ்வொரு நெளிசலும் காரணத்தோடு:
இது எலும்பு, இது கல்,
இது குறி தவறியது.

நவம்பர்ச் சனிக்கிழமை, விடிந்தும் விடியாத எட்டரை மணி.
போலி உரோமம் போர்த்தி, கோடரியோடு
ஹெர்வந்தாவில் டிராம் ஏறினேன்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
எங்கள் ஊரில் சொல்லமாட்டார்கள்.
ஜன்னலைப் பார்த்தார்கள்,
ஜன்னலில் என்னைப் பார்த்தார்கள்,
ஒருவர் தொலைபேசியை வாயருகே கொண்டுபோனார்.

அடுத்த நிறுத்தத்தில் இரண்டு போலீஸ்.
"கீழே வையுங்கள்."
வைத்தேன்.
பெரியவர் காலை அகட்டினார்,
மூச்சை இழுத்தார்,
எட்டுக் கிலோ இரும்புக்கு
முதுகைத் தயார் செய்துகொண்டு குனிந்து
தூக்கினார்.

கை போன வேகத்தில்
அவர் தொப்பி மூன்றாவது இருக்கைக்குப் போயிற்று.

அந்த ஒரு நொடி.
வராத எடைக்காக வந்து நின்ற கை
காற்றில் திகைத்தது.
முகத்தில் ஐந்து வயதுப் பையன் ஒருவன்
எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

மோந்து பார்த்தார்.
"பட்டையா?"
"பட்டை."
"துருவுக்கா?"
"துருவுக்கு."
சட்டையில் பெயர்: ரவுத்தியோ.
எங்கள் மொழியில் கொல்லன் என்று பொருள்.
கொல்லன் தெருவில் ஊசி விற்றவள்
உலகத்தில் நான் ஒருத்திதான் இருக்கவேண்டும்.

குறிப்பேட்டில் எழுதினார்:
பெயர், வில்யா. பொருள், கோடரி.
யோசித்தார். கோடரியை அடித்தார்.
கோடரி அல்ல, என்று எழுதினார்.
அதன் கீழே, எனக்குத் தெரியாதென்று நினைத்து,
காப்பிச் சக்கை, பட்டை, பசை.

அரங்கத்தில் பரிசு இல்லை.
மேடையேறும்போது தோள்வார் அறுந்தது,
நடுவர்கள் அதைத்தான் பார்த்தார்கள்.
பார்க்கட்டும்.

திங்கட்கிழமை, எண் 4417. கீழ்வரிசை, வலது பக்கம்.
நாக்கு ஒரு வாரம் இதைத் தடவித் தடவிச் சந்தேகப்படும்,
பிறகு விட்டுவிடும்.
பல் கடைசிவரை பொய் சொல்லவேண்டும்.
கோடரி, கையில் எடுத்த மறுகணமே
உண்மையைக் கொட்டிவிடவேண்டும்.
எது கடினம் என்று கேட்டால்
எனக்குப் பதில் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தால்
பதினோரு கடல்நாய்களுக்கும்
அவுனெயே கண் தைத்து வைத்திருக்கிறாள்.
அத்தனையும் மாறுகண்.
விலையைக் குறைக்கவில்லை.