விளக்குமாறு

வார்டு ஆபீசில் அந்த மெமோவை அடித்தவன் நான்தான்.
"இரண்டு நாட்கள் பணிக்கு வராத காரணத்தை
எழுத்துமூலம் விளக்குமாறு"
அதோடு பக்கம் முடிந்தது.
மிச்சம் போன இரண்டாம் தாள்
குண்டூசி குத்தாமல் எங்கோ தொலைந்தது.

மறுநாள் ஒச்சம்மா மேசைமேல் வைத்தாள்:
தென்னை ஈர்க்கு, சைக்கிள் டியூப் கட்டு,
ஒரு பக்கமாய்த் தேய்ந்த நுனி.
"கடுதாசியில கேட்டிருந்தீகளே, இந்தாங்க."

அறை சிரித்தது. மேஸ்திரி மட்டும்
சாமி படத்தைப் பார்த்துப் பதறினார்.

காலில் பட்டால் தொட்டுக் கும்பிடுகிறோம்.
அதையே ஓங்கினால்
ஏழு தலைமுறைக்கும் ஆறாது.
அந்தியில் விளக்கேற்றிவிட்டால் தொடுவதில்லை.
மூதேவி கையில் கொடுத்துவிட்டு,
பட்டுக்குஞ்சம் கட்டியும் கேலி பேசினோம்.

மத்தியானம் அகராதியைப் புரட்டினேன்.
விளக்குதல்: துலக்குதல், ஒளிரச் செய்தல்,
பொருள் சொல்லுதல்.
மாறு: மிலாறு. பஞ்செடுத்த காட்டில்
காய்ந்து நிற்பதும் பருத்திமாறுதான்.
ஆக,
திரியும் எண்ணெயும் கேட்காத
ஒரு கட்டுக் குச்சி வெளிச்சம்.

அழகர் ஆற்றில் இறங்கிய அன்று
ஆழ்வார்புரத்திலிருந்து தல்லாகுளம் வரை
மோர்ப்பந்தல் டம்ளர், ஒற்றைச் செருப்புகள்,
சர்க்கரைச் செம்பை மூடியிருந்த வாழையிலை.
விடிய விடிய விளக்கியிருக்கிறாள்.
மணிக்கட்டு இன்னும் வீங்கித்தான் இருக்கிறது.

கோப்பில் எழுதினேன்:
விளக்கம் பெறப்பட்டது. இணைப்பு: ஒன்று.

வாசலில் நின்றாள் ஒச்சம்மா.
"அதத் திருப்பிக் குடுங்க சார்,
ரெண்டு மணிக்குத் தெரு கெடக்கு."