அடிக்குறிப்பு 44

பித்தளைக் கப்பல் முதல் பக்கத்திலேயே
கூவம் முகத்துவாரத்தை விட்டுக் கிளம்பிவிடுகிறது.
ஏழு பையன்கள்.
ஏழு பேருக்கும் சுருட்டை முடி, கையில் முறுக்கு.
எட்டாவதாகக் குப்பன்,
'நம் வண்ணான் மகன்',
மூட்டை தூக்க.
பதினேழாம் பக்கத்தில் திசைகாட்டியைக் காணோம்.
குப்பன் மடியில் இருக்கிறது.
அவனைத் தீவில் இறக்கிவிட்டுப்
பாடிக்கொண்டே போகிறது கப்பல்.

எழுதியவர் மைக்கூடு மாமா.
ரங்கபாஷ்யம் என்ற பெயரில்
துறைமுகத்தில் கணக்கு எழுதியவர்.
சொந்தப் பிள்ளைகளுக்கு ஒரு கதைகூடச் சொன்னதில்லை
என்று மகன் ஏதோ பேட்டியில் சொன்னதை
என் இரண்டாம் இயலில் சேர்த்திருக்கிறேன்.

சேப்பாக்கம் கருத்தரங்கில்
ஒருவர் சொன்னார், கப்பல்தான் விடுதலை.
அடுத்தவர், இல்லை, அது மயிலாப்பூர்ச் சமையலறை,
பித்தளையைக் கவனியுங்கள் என்றார்.
ஏழில் ஒன்றுகூடப் பெண் இல்லையே என்று
மூன்றாமவர் எழுந்தபோது
தேநீர் வந்துவிட்டது.
நான் நாலாவது.
குப்பனைப் பற்றி இருபது நிமிடம்,
நாற்பத்து மூன்று அடிக்குறிப்பு,
பாதி பாரீசில் பிறந்தவை.
ஜன்னலுக்கு வெளியே கடல்
யாரையும் மேற்கோள் காட்டாமல் கிடந்தது.
கைதட்டினார்கள்.
பொய் சொல்வானேன், பெருமையாகத்தான் இருந்தது.
குப்பனை முதலில் பார்த்தவள் நான் என்று.

அப்புறம்தான் எழும்பூர் நூலகத்தில்
முதற்பதிப்பு கிடைத்தது. வருடம் ஐம்பத்தாறு.
'மாநகராட்சிப் பள்ளி, பழைய வண்ணாரப்பேட்டை'
ஊதா முத்திரை, பாதி அழிந்து.
பதினேழாம் பக்க ஓரத்தில் பென்சில்.
அழுத்திய அழுத்தத்தில்
பத்தொன்பது வரைக்கும் பள்ளம்.

'பொய். குப்பன் எடுக்கல.
சட்டைய தோய்க்கப் போடும்போது
பையிலயே உட்டுட்டாங்க.
எங்கப்பா எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துடுவாரு.
பொ. கன்னியம்மா, 6 ஆ.'

பள்ளத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தேன்.
பின்பக்கத்தில் அது மேடாக இருந்தது.
ஒரு சாட்சி, ஒரு தடயம்,
ஒரு தொழிலின் நேர்மை,
எல்லாம் நாலு வரியில்.
எனக்கு இருபத்தெட்டுப் பக்கம் ஆகியிருந்தது,
அதிலும் சட்டைப் பை வரவில்லை.

அதோடு விட்டிருந்தால் நிம்மதி.
கப்பல் படத்தில் ஒரு கழுதையை ஏற்றிவிட்டிருக்கிறாள்.
படத்திலேயே சிரிப்பது அது ஒன்றுதான்.
கடைசிப் பக்கத்தில், அதே பென்சில்:
'நல்ல கதை. இன்னொரு வாட்டி படிக்கணும்.'

இதற்கு என்னிடம் இயல் இல்லை.

நாற்பத்து நாலாவதாகச் சேர்த்து அனுப்பினேன்:
கன்னியம்மா, பொ., பென்சில், ப. 17.
பதிப்பகம் கிடையாது, ஆண்டுக்கு ஆதாரம் கிடையாது,
எடுத்துவிடு என்று
சிவப்பில் அடித்திருக்கிறார் வழிகாட்டி.
நான் இன்னும் எடுக்கவில்லை,
வைத்துக்கொள்ளவும் வழி தெரியவில்லை.

இன்றைக்குப் போனபோது
டில்லிபாபு மேசையில் ரப்பர் துகள் குவிந்திருந்தது.
'திங்கக்கெழம ஸ்கேனுக்குப் போவுது மேடம்.
கிறுக்கல் எல்லாம் அழிச்சிட்டுத்தான் அனுப்பணும்.'
இது கிறுக்கல் இல்லை என்றேன்,
குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.
வாங்கிப் படித்தார்.
உதடு அசைய ஒரு தடவை,
மேலிருந்து இன்னொரு தடவை.
'கரெக்டாத்தான சொல்லிக்கீது' என்றார்.
'எம் மச்சான் லாண்டிரிதான் வெச்சிக்கிறான்.
வாரத்துக்கு ஒரு பென் டிரைவ் வந்துடும், பேன்ட்டு பையில.
போன் போட்டுக் குடுப்பான்.
தேங்க்ஸ்கூட சொல்லமாட்டாங்க.'

புத்தகத்தை மூடி
அழித்து முடித்தவற்றின் அடுக்கில் வைத்தார்.
ரப்பரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு
சாப்பிடப் போனார்.