பதினான்காம் வால்வு

சாவி கைக்கு வந்த அன்று
இண்டூர் சாலை மளிகைக்கடைத் தராசில்
விளையாட்டாக நிறுத்துப் பார்த்தேன்.
நாலரைக் கிலோ இரும்பு.
"வெங்காயம்னா நூத்தம்பது ரூபா ஆவும்டா சின்னமாது"
என்றார் துரைபாபு.
அப்போது என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள்.

மூன்றாம் வறட்சிச் சட்டம் வந்த வருடம் அது.
ஆழ்குழாய்களின் வாயில் சிமெண்ட் பூசி
முத்திரை வைத்தாயிற்று.
பல்லைக் காவியாக்கிய தண்ணீர்,
முட்டியை மடங்கவிடாத தண்ணீர்,
ஆனாலும்
யாரையும் கேட்காமல் வந்த தண்ணீர்.
இனி ஒகேனக்கல் குழாய் மட்டும்.
ஏழு தெருவுக்கும் சேர்த்து நாளைக்கு நாற்பது நிமிடம்.
திறப்பதும் அடைப்பதும் நான்.

முதல் தவறு ஓர் இரக்கம்.
கெம்பம்மா மகளுக்கு இடுப்புவலி கண்டிருந்தது.
இன்னும் ஆறு நிமிசம் உடுப்பா என்றாள்.
விட்டேன்.
மறுநாள் விடிகாலை வால்வுக்குழி விளிம்பில்
ஈரத்துணியில் ஒரு பிடி நெல்லிக்காய்.
தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தேன்,
அடித்தொண்டை வரை தித்தித்தது.
இந்தச் சீமையை ஆண்டவன் ஒருவன்
நெல்லிக்கனியைக் கொடுத்தான் என்பார்கள்.
நான் வாங்கிக்கொண்டேன்.

அந்த ஆறு நிமிடம்
மேட்டுத்தெருவுக்கு உரியது.
மேட்டுத்தெரு ஏனென்று கேட்கவில்லை.
கேட்டிருந்தால் ஒருவேளை நான்...
இல்லை, அந்தப் பேச்சு வேண்டாம்.

பிறகு ஒருநாள் டீ சூடாக இருந்தது.
ஊதிக் குடித்து முடிக்க ஐந்து நிமிடம் தாமதம்.
குடத்தோடு நின்ற இருநூறு பேர்
ஒரு சொல் பேசவில்லை.
ஒரு குழந்தை இருமப் போனது,
தாய் அதன் வாயைப் பொத்தினாள்.
அப்படியொரு மௌனத்தை அதற்கு முன்
சாமி புறப்படும் நேரத்தில்தான் கேட்டிருக்கிறேன்.

மறுநாள் டீ இல்லாமலே தாமதித்தேன்.

துரைபாபு சார் என்றார்.
எதற்கும் காசு வாங்க மாட்டேன் என்றார்.
சாவியைத் தூக்கி வர ஒரு பையன் வந்தான்,
அதன் எடை எனக்கு மறந்துபோனது.
மேற்பார்வையாளர் ஆனதும்
தர்மபுரிக்குக் கூட்டிப்போய்
அரசுச் செலவில் பல் மாற்றினார்கள்.
முப்பத்தியிரண்டும் வெள்ளை.
அன்றிரவு அறிக்கையில் எழுதினேன்:
காவிப்பல்லர் சிலர் முணுமுணுக்கிறார்கள்.
எழுதிய பிறகுதான்
என் தம்பி சிரிப்பது நினைவுக்கு வந்தது.
அடிக்கவில்லை, அப்படியே அனுப்பினேன்.

மாசியில் மேட்டுத்தெரு ஆழ்குழாயின் சிமெண்ட் உடைந்திருந்தது.
உளியோடு பிடிபட்டவன் சென்றாயன்.
என்னோடு ஆறாம் வகுப்பு வரை
ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன்.
பக்கத்தில் அரை வாளித் தண்ணீர்,
அந்தப் பழைய கெட்ட தண்ணீர்.
"யாரைக் கேட்டு எடுத்த?" என்றேன்.
அவன் பதில் சொல்லவில்லை.
என் பற்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.
ஒன்பது நாள் மேட்டுத்தெருவை அடைத்தேன்.
சட்டப்படி மூன்று நாள் போதும்.

கெம்பம்மா பேரனுக்கு இப்போது நாலு வயது.
நான் ஜீப்பில் போனால்
தன் சின்னச் சொம்பை முதுகுக்குப் பின்னால் மறைக்கிறான்.
யாரும் சொல்லித்தந்ததாகத் தெரியவில்லை.

நேற்று ஆணையர் அழைத்திருந்தார்.
பதினான்கு வால்வுக்கும் சேர்த்து ஒரே சாவி,
சுண்டுவிரல் அளவுதான், மேசையில் கிடந்தது.
உட்காரச் சொல்லவில்லை.
டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்,
இரண்டு மணி நேரமாக.
எனக்குக் கால் கடுத்தது, தொண்டை காய்ந்தது,
ஆனால் கோபம் வந்ததா என்றால் வரவில்லை.
கோப்பையை எந்த விரலால் பிடிக்கிறார்,
எத்தனை முறை ஊதுகிறார்,
வாய்வரை கொண்டுபோய் எப்படித் திரும்பக் கீழே வைக்கிறார்
என்று
கவனமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.